ஓக்குலஸ் ரிஃப்ட் கூட்டு நிதி திரட்டல்

ஓக்குலஸ் ரிஃப்ட் கூட்டு நிதி திரட்டல் என்பது நிகழ்பட ஆட்டங்களுக்கான மெய்நிகர் உண்மைத் தலையணி ஒன்றை உருவாக்கும் பொருட்டு, ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த ஓக்குலஸ் நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1 முதல் செப்டம்பர் 1 வரை கிக்ஸ்டார்ட்டர் இணையத்தளம் வழியாக நடத்திய நிதி திரட்டல் ஆகும். 2,50,000 அமெரிக்க டாலரை இலக்காகக் கொண்டு தொடங்கிய இம்முயற்சிக்கு 9,522 ஆதரவாளர்கள் 24,37,429 டாலரை வழங்கினர். இரண்டு ஆண்டுகளுக்குள் இந்நிறுவனத்தை ஃபேஸ்புக் ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு வாங்கியது. பொருள் உருவாவதற்கு முன்பே பணம் தருபவருக்கு அப்பொருளை உருவாக்கும் நிறுவனத்தின் மீது என்ன உரிமை உண்டு என்னும் கேள்வியை இந்நிகழ்வு பரவலாக எழுப்பியது.

ஓக்குலஸ் என்பது கண் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லாகும். ரிஃப்ட் என்னும் ஆங்கிலச் சொல் பிளவைக் குறிக்கும். மெய்யுலகிற்கும் மெய்நிகர் உலகிற்கும் இடையே தலையணி ஏற்படுத்தும் பிளவைக் கருதி இப்பெயர் இடப்பட்டது.

பின்னணி

மெய்நிகர் உண்மை என்பது கணினியால் உருவாக்கப்பட்ட ஒரு சூழலுக்குள் தாம் இருப்பதாகப் பயனரை உணரச் செய்யும் நுட்பம் ஆகும். 1968 இல் ஐவன் சதர்லாந்து உருவாக்கிய தலையணி இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்றாகும். அது கூரையிலிருந்து தொங்கிய ஒரு கருவியமைப்புடன் இணைக்கப்பட்டிருந்தது. 1990களில் ஆட்ட நிறுவனங்கள் இந்நுட்பத்தை வீடுகளுக்குக் கொண்டுவர முயன்றன. சேகா நிறுவனம் 1993 இல் காட்சிப்படுத்திய தலையணி விற்பனைக்கு வரவேயில்லை. நின்டெண்டோ 1995 இல் வெளியிட்ட வெர்ச்சுவல் பாய், சிவப்பு நிறத்தில் மட்டுமே படங்களைக் காட்டியது. அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. அதன்பின் நல்ல தலையணிகள் பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களிலும் படைத்துறைப் பயிற்சி மையங்களிலும் மட்டுமே பயன்பட்டன. அவற்றின் விலை தனிமனிதர் வாங்கும் நிலையில் இல்லை.

இந்நிலையை மாற்றியது நகர்பேசித் தொழில் ஆகும். திறன்பேசிகள் பெருகியதால் சிறிய, நுணுக்கமான தட்டைத் திரைகளும், அசைவை அளக்கும் நுண் உணரிகளும் பேரளவில் உற்பத்தியாகி மலிவாகக் கிடைக்கத் தொடங்கின.

முன்மாதிரிகள்

பால்மர் லக்கி 1992 இல் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் பிறந்தவர். வீட்டிலிருந்தே கல்வி கற்றவர். பழைய தலையணிகளை வாங்கிச் சேகரித்து, அவற்றைப் பிரித்து ஆராய்ந்து வந்தார். பெற்றோர் வீட்டின் வண்டிக் கொட்டகையில் தம் முதல் முன்மாதிரிகளை உருவாக்கினார். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆக்கத் தொழில்நுட்ப நிறுவனத்தில் மார்க் போலாசின் ஆய்வுக்கூடத்தில் பகுதிநேரமாகவும் பணிபுரிந்தார். தாமே பொருத்திக்கொள்ளும் தலையணித் தொகுப்புகளை ஏறத்தாழ நூறு ஆர்வலர்களுக்கு வழங்குவதே கிக்ஸ்டார்ட்டர் குறித்த அவரது முதல் திட்டமாக இருந்தது.

இட் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் இணை நிறுவனரும் டூம் ஆட்டத்தின் நிரலாளருமான ஜான் கார்மாக், 2012 இன் முற்பகுதியில் லக்கியிடமிருந்து ஒரு முன்மாதிரியைப் பெற்றார். அதில் அசைவு உணரியைப் பொருத்தி, தாமே மென்பொருள் எழுதி, அவ்வாண்டு சூன் மாதம் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடைபெற்ற ஈ3 கண்காட்சியில் டூம் 3 ஆட்டத்துடன் செய்து காட்டினார். இது இதழாளரின் கவனத்தை ஈர்த்தது. தொடர்ந்து பிரெண்டன் ஐரிப், மைக்கேல் ஆன்டனவ், நேட் மிட்செல் முதலியோர் லக்கியுடன் இணைய, ஓக்குலஸ் நிறுவனம் உருவானது.

நிதி திரட்டல்

கிக்ஸ்டார்ட்டர் 2009 இல் தொடங்கப்பட்ட நியூயார்க் நிறுவனமாகும். குறித்த நாளுக்குள் இலக்கை எட்டினால் மட்டுமே ஆதரவாளரின் பணம் வசூலிக்கப்படும். எட்டாவிடில் எவரிடமிருந்தும் பணம் பெறப்படாது. வெற்றி பெறும் திட்டங்களின் தொகையில் 5 விழுக்காட்டை அத்தளம் கட்டணமாக எடுத்துக்கொள்ளும். ஆதரவாளர்களுக்குக் கிடைப்பது நன்றிப் பொருளேயன்றி நிறுவனப் பங்கு அன்று.

ஓக்குலஸ் தன் கருவியைப் பொதுநுகர்வுப் பொருளாக முன்வைக்கவில்லை. ஆட்டங்களை உருவாக்குபவர்களுக்கான தொகுப்பு என்றே அறிவித்தது. 300 டாலர் அளித்தவர்க்கு உருவாக்குனர் தொகுப்பும் டூம் 3 ஆட்டத்தின் புதிய பதிப்பும் தரப்படும் எனக் கூறப்பட்டது. குறைந்த தொகை அளித்தவர்க்குச் சுவரொட்டி, சட்டை போன்றவை வழங்கப்பட்டன. கார்மாக், வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல், மைக்கேல் அப்ராஷ், எபிக் கேம்ஸின் கிளிஃப் பிளெசின்ஸ்கி, யூனிட்டி நிறுவனத்தின் டேவிட் ஹெல்காசன் ஆகியோர் ஆதரவு தெரிவித்தனர்.

ஒரே நாளுக்குள் இலக்கு எட்டப்பட்டது. முடிவில் இலக்கைப்போல் ஏறத்தாழ 9.75 மடங்கு தொகை சேர்ந்தது. ஓர் ஆதரவாளர் சராசரியாக 256 டாலர் அளித்துள்ளார் எனக் கணக்கிடலாம். பெரும்பாலோர் வெறும் வாழ்த்துக்காக அன்றி, கருவியைப் பெறுவதற்காகவே பணம் தந்தனர் என்பதை இச்சராசரி உணர்த்துகிறது.

தொழில்நுட்பம்

முதல் உருவாக்குனர் தொகுப்பில் 7 அங்குலத் திரை ஒன்று மட்டுமே இருந்தது. 1280×800 படவணுக்கள் கொண்ட அத்திரை இரண்டாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு கண்ணுக்கும் 640×800 படவணுக்கள் காட்டப்பட்டன. இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட படங்கள் காட்டப்படுவதால் ஆழ உணர்வு தோன்றுகிறது.

- வில்லைகள்: அகன்ற பார்வைப்புலம் தரும் எளிய வில்லை, படத்தின் விளிம்புகளை உள்நோக்கி வளைத்துக் காட்டும். முந்தைய கருவிகள் விலையுயர்ந்த பல வில்லைகளைக் கொண்டு இத்திரிபை நீக்கின. ரிஃப்ட், கணினியே படத்தை எதிர்த்திசையில் பீப்பாய் வடிவில் திரித்து வரையுமாறு செய்தது. இரு திரிபுகளும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் கண்ணுக்குப் படம் நேராகத் தெரியும். வன்பொருளின் சுமையை மென்பொருளுக்கு மாற்றிய இவ்வழியே விலைக் குறைப்பிற்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகும்.
- உணரிகள்: கொட்பளவி, முடுக்கமானி, காந்தமானி ஆகியன தலையின் திரும்பலை நொடிக்கு 1000 முறை அளந்தன. எனினும், தலை முன்னும் பின்னும் நகர்வதை முதல் தொகுப்பால் அறிய இயலவில்லை.
- சுணக்கம்: தலை திரும்புவதற்கும் அதற்கேற்பப் படம் மாறுவதற்கும் இடைப்பட்ட காலம் இதுவாகும். இது மிகுந்தால் கண் காண்பதும் உட்காது உணர்வதும் முரண்பட்டுத் தலைச்சுற்றலும் குமட்டலும் உண்டாகும். இதனை 20 மில்லிநொடிக்குள் கொண்டுவருவது இத்துறையின் இலக்காகக் கருதப்பட்டது.

பிரிதிறன் குறைவாக இருந்ததால் படவணுக்களுக்கு இடையேயுள்ள கோடுகள் புலப்பட்டன. கொசுவலை வழியாகப் பார்ப்பது போன்ற இத்தோற்றம் முதல் தொகுப்பின் முதன்மைக் குறையாகச் சொல்லப்பட்டது.

தாமதமும் வழங்கலும்

2012 திசம்பரில் தொகுப்புகளை அனுப்புவதாக ஓக்குலஸ் அறிவித்திருந்தது. ஆனால் முன்மாதிரியில் பயன்பட்ட 5.6 அங்குலத் திரை தொடர்ந்து கிடைக்காமையால், வேறு திரையைத் தேடி வடிவமைப்பை மாற்ற நேர்ந்தது. சில நூறு கருவிகளுக்கென வகுத்த திட்டத்தை ஆயிரக்கணக்கான கருவிகளுக்கு விரிவாக்க வேண்டியிருந்ததும் தாமதத்தை உண்டாக்கியது. 2013 மார்ச் இறுதியில் தொகுப்புகள் அனுப்பப்படத் தொடங்கின. வாக்களிக்கப்பட்ட டூம் 3 பதிப்பு ரிஃப்ட் கருவிக்கு ஏற்றதாக வெளிவரவில்லை. எனவே ஆதரவாளர்களுக்கு வேறு கடைகளில் பயன்படுத்தத்தக்க வரவுத் தொகையோ, முழுப் பணத்தையும் திரும்பப் பெறும் வாய்ப்போ அளிக்கப்பட்டது.

கிக்ஸ்டார்ட்டர் தளமும் 2012 செப்டம்பரில், தான் ஒரு கடை அன்று என்பதை வலியுறுத்தி விதிகளை இறுக்கியது. வன்பொருள் திட்டங்கள் கணினியில் வரைந்த கற்பனைப் படங்களைக் காட்டாமல், உண்மையான முன்மாதிரியையே காட்ட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்றாகும்.

முதலீடும் ஃபேஸ்புக் கையகப்படுத்தலும்

கூட்டு நிதியின் வெற்றி துணிகர முதலீட்டாளர்களை ஈர்த்தது. 2013 சூனில் 1.6 கோடி டாலரும், அவ்வாண்டு திசம்பரில் ஆண்டிரீசன் ஹோரோவிட்ஸ் தலைமையில் 7.5 கோடி டாலரும் முதலீடாகக் கிடைத்தன. 2013 ஆகஸ்டில் கார்மாக் தலைமைத் தொழில்நுட்ப அலுவலராக இணைந்தார்.

2014 மார்ச் 25 அன்று ஃபேஸ்புக் ஓக்குலஸை வாங்குவதாக அறிவித்தது. 40 கோடி டாலர் ரொக்கமாகவும், ஏறத்தாழ 160 கோடி டாலர் மதிப்புள்ள 2 கோடியே 31 இலட்சம் பங்குகளாகவும் விலை வகுக்கப்பட்டது. குறித்த இலக்குகளை எட்டினால் மேலும் 30 கோடி டாலர் தருவதாகவும் கூறப்பட்டது. இத்தொகை கூட்டு நிதியைப்போல் ஏறத்தாழ 820 மடங்காகும்.

ஆதரவாளர் பலர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். 10,000 டாலர் அளித்திருந்த மைன்கிராஃப்ட் ஆட்டத்தின் படைப்பாளி மார்க்கஸ் பெர்சன், ஃபேஸ்புக்கின் கையகப்படுத்தலுக்காக நிறுவனத்தின் மதிப்பைக் கூட்டும் பொருட்டுத் தாம் பணம் தரவில்லை என எழுதி, அவ்வாட்டத்தை ரிஃப்டிற்குக் கொண்டுவரும் பேச்சுகளை முறித்துக்கொண்டார். பின்னர் மைன்கிராஃப்ட் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உடைமையாகி, 2016 இல் ரிஃப்டில் வெளிவந்தது.

உரிமை பற்றிய வாதங்கள்

ஆதரவாளர்கள் ஏமாற்றப்பட்டனரா என்பது குறித்து இருவகைக் கருத்துகள் உள்ளன. வாக்களித்த தொகுப்பு அனுப்பப்பட்டுவிட்டதால் கடன் தீர்ந்தது என்பது ஒரு தரப்பு. எவரும் முதலிட முன்வராத காலத்தில் இடரை ஏற்றவர்கள் ஆதரவாளர்களே; பின்வந்த முதலீட்டாளர் பெற்ற ஆதாயத்தில் அவர்களுக்குப் பங்கில்லை என்பது முறையன்று என்பது மறு தரப்பு.

சட்ட நிலையில், 2012 இல் பொதுமக்களிடம் இணையம் வழியாகச் சிறு தொகைகளுக்குப் பங்குகளை விற்க ஐக்கிய அமெரிக்காவில் எளிய வழி இருக்கவில்லை. அதற்கு வகைசெய்யும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஒபாமா 2012 ஏப்ரல் 5 அன்று கையொப்பமிட்டார். எனினும் பொதுமக்களுக்கான பங்குவழிக் கூட்டு நிதி விதிகள் 2016 மே 16 அன்றே நடைமுறைக்கு வந்தன.

மற்றொரு கவலை, ஆட்டக் கருவி சமூக வலையமைப்பு நிறுவனத்தின் கைக்குப் போவது பற்றியதாகும். ரிஃப்டைப் பயன்படுத்த ஒவ்வொரு முறையும் ஃபேஸ்புக் கணக்கு தேவைப்படாது என லக்கி 2014 இல் உறுதி கூறினார். ஆனால் அவர் விலகிய பின், 2020 அக்டோபர் முதல் புதிய பயனர்கள் ஃபேஸ்புக் கணக்கு வழியாகவே நுழைய வேண்டும் என ஆனது. 2022 இல் தனியான மெட்டா கணக்குகள் அறிமுகமானதும் இக்கட்டாயம் நீங்கியது.

பிற்கால நிகழ்வுகள்

2014 சூலையில் இரண்டாம் உருவாக்குனர் தொகுப்பு 350 டாலர் விலையில் அனுப்பப்படத் தொடங்கியது. வெளிப்புறப் படக்கருவி ஒன்றின் உதவியால் தலையின் நகர்வையும் அது அறிந்தது. பொதுநுகர்வுப் பதிப்பு 2016 மார்ச் 28 அன்று 599 டாலருக்கு வெளிவந்தது. அதில் ஒவ்வொரு கண்ணுக்கும் 1080×1200 படவணுக்கள் இருந்தன. படம் நொடிக்கு 90 முறை புதுப்பிக்கப்பட்டது. கூட்டு நிதியில் உருவாக்குனர் தொகுப்புக்குப் பணம் அளித்தவர்களுக்கு இப்பதிப்பு இலவசமாகத் தரப்படும் என 2016 சனவரியில் அறிவிக்கப்பட்டது. சட்டப்படி கடப்பாடு இல்லாத இச்செயல் ஆதரவாளரின் மனக்குறையை ஓரளவு தணித்தது.

இட் சாஃப்ட்வேரின் தாய் நிறுவனமான செனிமேக்ஸ், 2014 மே மாதம் ஓக்குலஸ் மீது வழக்குத் தொடுத்தது. டாலஸ் நகர நடுவர் குழு 2017 பிப்ரவரியில் வணிக மறைபொருள் திருட்டு நிகழவில்லை எனக் கண்டது. எனினும் இரகசியக் காப்பு உடன்படிக்கை மீறல், பதிப்புரிமை மீறல் முதலியவற்றுக்காக 50 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. 2018 இல் நீதிபதி அதனை 25 கோடி டாலராகக் குறைத்தார். அவ்வாண்டு திசம்பரில் இரு தரப்பும் உடன்பாடு கண்டன.

லக்கி 2017 மார்ச்சில் ஃபேஸ்புக்கிலிருந்து விலகி, அவ்வாண்டே பாதுகாப்புக் கருவிகளை உருவாக்கும் ஆண்டுரில் நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவரானார். கார்மாக் 2022 இல் விலகினார். 2019 இல் வெளியான ரிஃப்ட் எஸ் பதிப்புடன் ரிஃப்ட் வரிசை முடிவுற்றது. அதன் விற்பனை 2021 இல் நிறுத்தப்பட்டது. கணினி இன்றித் தனித்து இயங்கும் குவெஸ்ட் வரிசை அதன் இடத்தைப் பிடித்தது. 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் நிறுவனம் மெட்டா எனப் பெயர் மாற்றிக்கொண்டபின், ஓக்குலஸ் என்னும் வணிகப்பெயர் படிப்படியாகக் கைவிடப்பட்டது.

தாக்கம்

சோனியின் பிளேஸ்டேஷன் விஆர், எச்டிசி வைவ் ஆகிய தலையணிகளும் 2016 இல் வெளிவந்தன. கூட்டு நிதி வழியும் தொடர்ந்தது. 2017 இல் பைமேக்ஸ் நிறுவனம் தன் 8கே தலையணிக்காகக் கிக்ஸ்டார்ட்டரில் 42 இலட்சம் டாலருக்கு மேல் திரட்டி, ரிஃப்ட் திரட்டிய தொகையைக் கடந்தது. கூட்டு நிதி ஒரு பொருளுக்குச் சந்தை உண்டு என்பதை முதலீட்டாளருக்கு மெய்ப்பிக்கும் கருவியாகவும் அமையும் என்பதற்கும், ஆதரவாளரின் உரிமை வாக்களிக்கப்பட்ட பொருளோடு முடிந்துவிடுகிறது என்பதற்கும் ஓக்குலஸ் ரிஃப்ட் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

- மெய்நிகர் உண்மை
- கூட்டு நிதி திரட்டல்
- கிக்ஸ்டார்ட்டர்
- நிகழ்பட ஆட்டம்
- ஜான் கார்மாக்