மண்ணோடு வந்த கிழங்கு

வண்டலூர் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடக்கிற வழியில் ஒரு காய்கறிக் கடை. அங்கே உருளைக்கிழங்கு எப்போதும் இரண்டு குவியல். ஒன்று வழவழவென்று வெளுத்த ஆக்ரா கிழங்கு. இன்னொன்று செம்மண் அப்பிய ஊட்டிக் கிழங்கு, விலை கூட. "நெஜமாவே ஊட்டிதானாம்மா?" என்று கேட்டால், கடைக்கார அம்மா ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் சுரண்டிக் காட்டுவார். "மண்ணப் பாருங்க சார், ஈரங்கூடப் போகல." ஆக்ரா கிழங்குக்கே செம்மண் பூசி விற்கிற கெட்டிக்காரர்களும் உண்டு என்பதால், நான் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன்.

நாம் அத்தாட்சியாகத் தேடுகிற இந்த மண்ணுக்குப் பயந்துதான், 1971-இல் நீலகிரியின் விதைக்கிழங்கு மலையை விட்டு வெளியே போகக் கூடாது என்று தடை வந்தது.

சென்ற வாரம் ஜான் சல்லிவனை உதகையில் விட்டுவிட்டு வந்தோம். கோயம்புத்தூர் கலெக்டரான அவர் 1819-இல் மலையேறினார். கையோடு சீமைக் காய்கறிகளும் ஏறின. முட்டைக்கோஸும் கேரட்டும் போலவே உருளையும் அந்தக் குளிரில் ஊரில் பிறந்த பிள்ளையாக வளர்ந்தது. அரை நூற்றாண்டு எந்தத் தொல்லையும் இல்லை. பிறகு, 1870-க்கும் 1880-க்கும் இடையில், இலைகள் கருக ஆரம்பித்தன. இந்தியாவில் பின்பருவக் கருகல் நோய் முதலில் கால் வைத்தது நம் நீலகிரியில்தான். டார்ஜிலிங்கில் அது தென்பட்டது 1883-இல். கடல் தாண்டி வந்த விதைக்கிழங்கோடு வந்திருக்கும் என்பதே என் ஊகம். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கருகல் சாதாரண ஆள் இல்லை. 1845-இல் அயர்லாந்தில் இறங்கி, அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேரைப் பட்டினியாலும் காய்ச்சலாலும் கொன்றது. இன்னும் 10 லட்சத்துக்கும் மேலானோரைக் கப்பலேற்றியது. இது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு பனிக்காலை வயலில் பார்க்கலாம். இலை நுனியில் வெந்நீர் பட்டதுபோல ஒரு நீர்த்திட்டு. இலையைத் திருப்பினால் திட்டைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக மெல்லிய பஞ்சு. வெயில் ஏறினால் பஞ்சு மறைந்துவிடும், திட்டு கறுத்துவிடும். மேகமும் தூறலும் நாலைந்து நாள் விடாமல் நின்றால் வயலே அவிந்து நாறும். வித்துகள் மழைநீரோடு மண்ணில் இறங்கிக் கிழங்கையும் அழுக வைக்கும். பூஞ்சணம் என்று நாம் சொன்னாலும் உண்மையில் இது பாசிகளுக்குத்தான் நெருங்கிய உறவு. 1876-இல் ஆன்டன் டி பாரி இதற்கு 'ஃபைட்டோஃப்தோரா' என்று பெயர் வைத்தார். செடியை அழிப்பது என்று பொருள்.

இந்தியாவில் இந்த நோயைப் பற்றி எழுதியவர்களில் ஒருவர் எட்வின் ஜான் பட்லர். பிறந்தது 1874-இல், அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்துக் கில்கீ என்ற கடற்கரை ஊரில். பஞ்சம் கடுமையாக அடித்துப்போட்ட மாவட்டங்களில் கிளேரும் ஒன்று. அந்த மண்ணிலிருந்து வந்தவர் 1901-இல் இந்தியாவில் வேலைக்குச் சேர்ந்து, பீகாரின் பூசாவில் உட்கார்ந்து பயிர் நோய்களை ஆராய்ந்தார். 1918-இல் அவர் வெளியிட்ட தடித்த புத்தகம்தான் இந்தியப் பயிர்நோய் இயலுக்கு அஸ்திவாரம். மருந்து என்று அப்போது இருந்தது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. இன்றும் அது கடையில் இருக்கிறது.

நடுவில் ஒரு அந்துப்பூச்சியும் வந்தது. 1906 வாக்கில் இத்தாலியிலிருந்து பம்பாய்ப் பக்கம் வந்த விதைக்கிழங்கோடு இறங்கிய விருந்தாளி. கிடங்கில் கிழங்கின் கண்ணோரம் முட்டையிடும். புழு உள்ளே குடைந்து, வாயிலில் கறுப்பாகக் கழிவைத் தள்ளி வைக்கும். இதற்கு ஒரு வைத்தியம், குவியலின் மேல் உண்ணிச்செடி இலையைப் பரப்பி மூடுவது. உருளையைப் போலவே உண்ணியும் அமெரிக்கச் சரக்குதான். நம் வண்டலூர்ப் புதர்க்காட்டு ஓரம் கொத்துக் கொத்தாகப் பூத்துக் கிடப்பதைப் பார்த்து யாரும் அதை அந்நியம் என்பதில்லை.

இனி மண்ணுக்கு வருவோம். 1961-இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வகத்து ஜோன்ஸ் என்ற நூற்புழு நிபுணர் உதகைக்கு வந்திருந்தார். விஜயநகரம் பண்ணையில் ஒரு வயலில் செடிகள் கூனிக் குறுகி மஞ்சளாக நின்றன. பிடுங்கி வேரைப் பார்த்தார். கடுகைவிடச் சிறிய, பொன்னிற மணிகள். ஒவ்வொரு மணியும் ஒரு பெண் புழுவின் உடல். செத்த பின் தோல் தடித்துப் பெட்டியாகிவிடும், உள்ளே சில நூறு முட்டைகள். இந்தப் பெட்டி மண்ணில் 20 ஆண்டுகூடக் காத்திருக்கும். உருளை வேர் அருகில் வந்து, வேரில் கசியும் சாறு பட்டால்தான் பெரும்பாலான முட்டைகள் பொரியும். ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்கு அது மண்வெட்டியில் போகும், சாக்கில் போகும், கிழங்கில் ஒட்டிய மண்ணிலும் போகும்.

1963-இல் இந்தத் தங்க நூற்புழுவுக்கென்றே உதகையில் ஒரு திட்டம் தொடங்கியது. வீரியமான மருந்துகளை மண்ணில் கொட்டிப் பார்த்தார்கள். புழு குறைந்ததே தவிர ஒழியவில்லை. பிறகுதான் 1971 தடை. வெளியூருக்கு விதை விற்ற நீலகிரி விவசாயிக்கு அது சாப்பாட்டுக் கிழங்கு விலைக்கு இறங்கிப்போன வருமானம். அவர் பக்கத்து நியாயத்தை அதிகம் பேர் எழுதவில்லை.

உருப்படியான பதில் நீலகிரியின் முத்தொரை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. 1985-இல் வெளியான 'குஃப்ரி ஸ்வர்ணா' என்ற உருளை ரகம். அதே ஆண்டில்தான் நம் ஊரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவும் திறந்தது. ஸ்வர்ணாவின் தந்திரம் அழகானது. வேர்ச்சாறு முட்டைகளை வழக்கம்போல் எழுப்பிவிடும், குட்டிப் புழுக்கள் உள்ளே நுழையும். ஆனால் பெண்ணாக வளரத் தேவையான சாப்பாடு அங்கே கிடைக்காது. பெரும்பாலானவை சாகும், தப்பியவை ஆணாக மாறும். முட்டைப் பெட்டி போட ஆளில்லை. வயல் மெல்ல மெல்லத் தூய்மையாகும். முட்டைக்கோஸ், கேரட்டோடு மாற்றிப் பயிரிட்டால் இன்னும் சீக்கிரம்.

தடையால் மலைக்குள் பூட்டியாகிவிட்டது என்று நினைத்திருந்தவர்களுக்கு 2018 அதிர்ச்சி தந்தது. இமாசலம், காஷ்மீர், உத்தராகண்ட் மலைகளிலும் அந்த மணிகள் இருப்பது தெரிய வந்து, அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியேறவும் தடை விழுந்தது.

கடைக்கார அம்மாவிடம் இதையெல்லாம் ஒரு நாள் சொன்னேன். "அப்ப இந்த மண்ணுல புழு இருக்குமா சார்?" என்றார், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே. இருந்தாலும் இருக்கும், ஆனால் வண்டலூர் வெயிலில் சூடேறும் மண்ணில் அது பெருகாது, குளிர் வேண்டும் அதற்கு, மனிதரையும் ஒன்றும் செய்யாது என்றேன். அரைக் கிலோவுக்குமேல் ஒரு கிழங்கு கூடுதலாகப் போட்டார். செம்மண் கட்டியாக ஒட்டியிருந்தது அதில்.

(தொடரும்)