ஆட்டம் இல்லாத மாதங்கள்

சரித்திரக் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. போர்க்களம் என்றால் பேனா தானாகவே ஓடும். யானைகள் மோதும், வாள்கள் மின்னும், அத்தியாயம் முடிந்துவிடும். ஆனால் அந்தப் போரின் முடிவு பல மாதங்களுக்கு முன்பே, ஒரு சிறு அறையில், நாலைந்து பேர் தணிந்த குரலில் பேசிக் கொண்டிருந்தபோதே தீர்மானமாகியிருக்கும். யாரிடம் படையை ஒப்படைப்பது, யாரை அனுப்பிவிடுவது, யாரோடு உறவு கொள்வது என்ற அந்த ஆலோசனையை எழுத உட்கார்ந்தால் வாசகர்கள் கொட்டாவி விடுவார்களோ என்று அஞ்சி, நாங்கள் நேரே போர்க்களத்துக்கு ஓடிவிடுகிறோம்.

இன்று அந்த அச்சத்தை ஒதுக்கிவிட்டு உங்களை ஓர் ஆலோசனை அறைக்கே அழைத்துப் போகிறேன். அங்கே ராஜாவும் இல்லை, மந்திரியும் இல்லை. சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்திருந்த மூன்று அமெரிக்கக் கூடைப்பந்துக் கோஷ்டிகளின் முதலாளிகள்தான் இருக்கிறார்கள். வருஷம் 1956. பந்தய காலம் முடிந்து மைதானங்கள் ஓய்ந்துவிட்டன. அடுத்த பருவத்துக்கு யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்று கணக்குப் பார்க்கும் நேரம்.

பாஸ்டன் நகரத்து ஸெல்டிக்ஸ் கோஷ்டிக்கு அப்போது புகழுக்குக் குறைவில்லை. பாப் கூஸி பந்தைக் கையாளும் ஜாலத்தைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் கூடும். பில் ஷார்மனின் குறி தவறுவது அபூர்வம். நடுநாயகமாக எட் மெக்காலி நிற்பார். 6 அடி 8 அங்குல உயரம், ஒல்லியான தேகம். அலட்டிக் கொள்ளாமல் ஆடி ஊராரின் அன்பைச் சம்பாதித்தவர். 1955-56 பருவத்தில் மற்றெல்லாக் கோஷ்டிகளையும்விட அதிகப் புள்ளி சேர்த்தவர்கள் இவர்கள்தான். ஆனால் இறுதிக் கட்டப் பந்தயங்களின் முதல் சுற்றிலேயே ஸிரக்யூஸ் கோஷ்டியிடம் தோற்று வீடு திரும்பினார்கள். சாம்பியன் பட்டம் என்பதை அதுவரை அவர்கள் கண்ணால் கண்டதில்லை.

காரணம் என்ன? எவ்வளவு கெட்டிக்காரன் எறிந்தாலும் பாதிக்கு மேற்பட்ட தடவை பந்து கூடைக்குள் விழாது. வளையத்தில் பட்டுத் திரும்பி வரும். அந்தப் பந்தை எம்பிப் பிடிக்கிறவன் யாரோ, அவன் பக்கம்தான் ஆட்டம். ஸெல்டிக்ஸில் எறிவதற்கு ஆள் இருந்தார்கள், பிடிப்பதற்கு இல்லை. மெக்காலி அருமையான ஆட்டக்காரர்தான். ஆனால் முரட்டு உடம்புகளின் நடுவே முட்டி மோதும் வேலைக்கு அந்த ஒல்லி உடம்பு ஈடுகொடுக்கவில்லை.

பயிற்சியாளர் ரெட் ஆவர்பாக் இதை நன்றாக அறிந்திருந்தார். தம்மிடம் இருப்பதை எண்ணி மகிழ்வது எவருக்கும் சுலபம். இல்லாதது இன்னதென்று கண்டுகொள்வதுதான் கடினம். அவருடைய பழைய கல்லூரி ஆசான் பில் ரைன்ஹார்ட், ஸான்பிரான்ஸிஸ்கோ கல்லூரியில் ஆடும் ஒரு கறுப்பு இளைஞனைப் பற்றி ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். பெயர் பில் ரஸ்ஸல். அவன் கல்லூரி 1955லும் 1956லும் தேசியப் பட்டம் வென்றிருந்தது. தொடர்ந்து 55 பந்தயங்களில் அவன் தோல்வியையே காணவில்லை. ஆயினும் நிபுணர்களில் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். "பையனுக்குச் சரியாக எறியத் தெரியவில்லையே!" என்பது அவர்கள் குறை. ஆவர்பாக்குக்கு எறிகிறவன் யாருக்கு வேண்டும்? அதற்குத்தான் கூஸியும் ஷார்மனும் இருக்கிறார்களே!

ஆனால் ஒரு தடை இருந்தது. கல்லூரி முடித்து வரும் இளைஞர்களைக் கோஷ்டிகள் முறை வைத்துத்தான் பொறுக்க வேண்டும். பின்தங்கிய கோஷ்டிக்கு முந்திய உரிமை. அவ்வருஷம் முதல் உரிமை ராச்செஸ்டர் ராயல்ஸுக்கு, இரண்டாவது செயிண்ட் லூயிஸ் ஹாக்ஸுக்கு. ஸெல்டிக்ஸின் முறை வரும்வரை ரஸ்ஸல் காத்திருக்கப் போவதில்லை.

ராச்செஸ்டர் முதலாளி லெஸ் ஹாரிஸனைப் பாருங்கள். அவரிடம் மாரிஸ் ஸ்டோக்ஸ் என்ற பலசாலி இருந்தான். முதல் வருஷத்திலேயே அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுகம் என்று பெயர் வாங்கியவன். திரும்பும் பந்தைப் பிடிக்க அவன் இருக்கும்போது, பெருந்தொகை கேட்கக்கூடிய இன்னொரு நெட்டையன் எதற்கு? ஆகவே சிஹ்யூகோ கிரீன் என்ற சுறுசுறுப்பான இளைஞனைத் தேர்ந்தெடுத்தார். ஸெல்டிக்ஸ் முதலாளி வால்டர் பிரவுன், தமக்குச் செல்வாக்கு இருந்த பனிச்சறுக்கு நடனக் காட்சிகளை ராச்செஸ்டருக்கு அனுப்புவதாக ஆசை காட்டி ஹாரிஸனை விலகச் செய்தார் என்றும் ஒரு கதை உண்டு. அது உண்மையா என்பதில் இன்றும் சர்ச்சைதான். கதை இல்லாமலே கணக்கு சரியாக வருகிறது அல்லவா?

அடுத்தவர் செயிண்ட் லூயிஸ் முதலாளி பென் கெர்னர். அவர் தமது கோஷ்டியை மில்வாக்கியிலிருந்து அந்த ஊருக்குக் கொண்டுவந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஊர்க்காரர்கள் டிக்கெட் வாங்க வேண்டுமானால் ஊர் முகம் ஒன்று வேண்டும். மெக்காலியோ அந்த ஊரிலே பிறந்து, அந்த ஊர்க் கல்லூரியிலே ஆடிப் பேர் எடுத்தவர். "அவரைக் கொடுங்கள், என் முறையை உங்களுக்குத் தருகிறேன்" என்றால் பேரம் படிந்துவிடும். கெர்னர் மனத்தில் வேறொரு கணக்கும் இருந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. நிறபேதம் ஆழமாக வேரூன்றியிருந்த ஊர் அது.

இனி நடந்ததுதான் என்னை இதை எழுதத் தூண்டியது. பிரவுனுக்கு மெக்காலியை விட மனம் வரவில்லை. வியாபாரம் ஒரு பக்கம் இருக்க, ஆறு வருஷமாக வீட்டுப் பிள்ளைபோல் பழகியவரை எப்படி விற்பது? தயங்கித் தயங்கி அவரிடமே சொன்னார். மெக்காலி கோபிக்கவில்லை. செயிண்ட் லூயிஸில் அவருடைய குழந்தை மூளைக்காய்ச்சல் கண்டு, அதன் விளைவுகளால் அவதிப்பட்டுக் கொண்டிருந்தது. சொந்த ஊருக்கே போய் அதன் அருகில் இருக்க முடியுமானால் அதுவே பெரிய உபகாரம் என்றார் அந்தத் தந்தை. பிரவுனின் சங்கடம் தீர்ந்தது. கெர்னர் கடைசியில் இன்னும் ஒருவனைக் கேட்டார். ராணுவ சேவையிலிருந்து திரும்பவிருந்த கிளிஃப் ஹேகன் என்ற இளைஞன். ஆவர்பாக் அதற்கும் சம்மதித்தார்.

1956 ஏப்ரல் 30ந் தேதி தேர்வு நடந்தது. ரஸ்ஸல் பாஸ்டனுக்குச் சொந்தமானான். அருகிலிருந்த கல்லூரி வீரனைத் தன் முதல் முறைக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம் என்ற விதியின்படி டாம் ஹைன்ஸனும் வந்து சேர்ந்தான். ரஸ்ஸலின் கல்லூரித் தோழன் கே. ஸி. ஜோன்ஸும் அதே தேர்வில் கிடைத்தான். ரஸ்ஸல் மெல்போர்னுக்குப் போய் ஒலிம்பிக் தங்கப் பதக்கம் வென்றுவிட்டு, டிசம்பர் 22ந் தேதிதான் ஸெல்டிக்ஸ் உடையில் இறங்கினான். எதிரே ஆடியது, என்ன விந்தை, செயிண்ட் லூயிஸ் கோஷ்டி! புள்ளி சேர்ப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், பந்தைப் பிடித்துக் கொடுத்தால் போதும் என்று ஆவர்பாக் சொல்லியிருந்தார்.

1957 ஏப்ரல் 13. பட்டத்துக்கான ஏழாவது, கடைசிப் பந்தயம். மறுபடியும் பாஸ்டனும் செயிண்ட் லூயிஸும். கூஸியும் ஷார்மனும் அன்று எறிந்ததெல்லாம் வீண். இருவரும் ஆளுக்கு இருபது தடவை எறிந்து, இரண்டும் மூன்றுமாகத்தான் கூடையில் போட்டார்கள். கோஷ்டியைத் தூக்கி நிறுத்தியவர்கள் இரண்டு புதுமுகங்கள். ஹைன்ஸன் 37 புள்ளி சேர்த்தான். ரஸ்ஸல் திரும்பி வந்த பந்தை 32 தடவை பிடித்தான். நேரம் முடிந்தபோது 103-103. கூடுதல் நேரம் கொடுத்தார்கள், 113-113. மறுபடி கூடுதல் நேரம். பாஸ்டன் 125, செயிண்ட் லூயிஸ் 123 என்ற நிலையில் ஒரே ஒரு விநாடி பாக்கி. செயிண்ட் லூயிஸ் பயிற்சியாளர் அலெக்ஸ் ஹானம் தாமே களத்தில் நின்று, இக்கோடியிலிருந்து அக்கோடிப் பலகையில் படும்படி பந்தை வீசினார். தெறித்து வந்ததைப் பாப் பெட்டிட் வாங்கி எறிந்தார். அது வளையத்தில் உருண்டு வெளியே விழுந்தது. பாஸ்டனுக்கு முதல் பட்டம்!

கதையை இங்கே முடித்தால் கெர்னர் ஏமாளி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவீர்கள். அவசரப்பட வேண்டாம். மறு வருஷம் இதே இரு கோஷ்டிகள் மோதின. மூன்றாவது பந்தயத்தில் ரஸ்ஸலின் கணுக்கால் பிசகியது. ஆறாவது பந்தயத்தில் பெட்டிட் 50 புள்ளி குவிக்க, 110-109 என்று செயிண்ட் லூயிஸ் பட்டம் வென்றது. மெக்காலியும் ஹேகனும் அந்த வெற்றியில் பங்கு பெற்றார்கள். கறுப்பர் ஒருவர்கூட இல்லாத கோஷ்டி பட்டம் வென்றது அதுவே கடைசித் தடவை.

பிறகு நடந்தது ஊரறிந்தது. ரஸ்ஸல் ஆடிய 13 பருவங்களில் ஸெல்டிக்ஸ் 11 பட்டங்கள் பெற்றது. 1966ல் அவரே அதன் பயிற்சியாளரானார். அந்த லீகில் அப்பதவியைப் பெற்ற முதல் கறுப்பர் அவர்தான். பாஸ்டனும் அவருக்குப் பன்னீர் தெளித்துவிடவில்லை. அவர் வீட்டுக்குள் புகுந்து பொருள்களை நாசம் செய்து, சுவரில் வசை எழுதிப் போனவர்கள் அவ்வட்டாரத்தவரே. ஹாக்ஸ் கோஷ்டி 1968ல் அட்லாண்டாவுக்குக் குடிபெயர்ந்தது. ராச்செஸ்டர் எவனை நம்பி ரஸ்ஸலை விட்டதோ, அந்த ஸ்டோக்ஸ் 1958 மார்ச்சில் ஆட்டத்தில் விழுந்து தலையில் அடிபட்டான். சில நாளில் உடல் செயலற்றுப் போயிற்று. உடன் ஆடிய ஜாக் ட்வைமன் சட்டப்படி அவனுக்குக் காப்பாளராகி, 1970ல் அவன் மறையும்வரை பார்த்துக்கொண்டார். ஹாரிஸனின் கணக்கில் தவறில்லை. விதியை எந்தப் பேரேட்டில் வரவு வைப்பது?

ரஸ்ஸலுக்கு முன் தேர்வான கிரீனையும் மறந்துவிடக் கூடாது. ராச்செஸ்டரில் தொடங்கிய அவன் இடையில் செயிண்ட் லூயிஸுக்கும் ஆடினான். கடைசியில் 1965-66ல் பாஸ்டனுக்கே வந்து, ரஸ்ஸலின் பக்கத்தில் நின்று ஒரு பட்டத்தில் பங்கு பெற்றான். பேரம் பேசிய மூன்று வீட்டிலும் உப்புத் தின்றவன் அவன்.

ஆவர்பாக்கின் சாமர்த்தியத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். புகழட்டும். தன் கோஷ்டியின் குறை இன்னதென்று அறிந்த விவேகம் அவருடையது. ஆனால் நோயுற்ற குழந்தையின் பக்கத்தில் இருக்க ஒரு தந்தை ஆசைப்பட்டிராவிட்டால், பிரவுன் அந்தப் பேரத்துக்குச் சம்மதித்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். பாஸ்டன்காரர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மெக்காலி அணிந்திருந்த 22 என்ற இலக்கத்தை இனி எவரும் அணியக் கூடாது என்று 1963ல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அவர் பாஸ்டனில் ஒரு பட்டமும் வென்றதில்லை. வென்றவர்களுக்கு வழி விட்டுப் போனவர், அவ்வளவுதான்.