இடமாற்ற ஆணையும் தலைமைப் பயிற்சியாளரும்: இந்திய ஹாக்கியில் ஆள்மாற்றத்தின் நிர்வாக வரலாறு

2018 மே மாதத் தொடக்கத்தில் ஹாக்கி இந்தியா அமைப்பு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஆண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஷோர்ட் மரைன் பெண்கள் அணிக்குச் செல்வார். பெண்கள் அணியைப் பயிற்றுவித்துவந்த ஹரேந்திர சிங் ஆண்கள் அணிக்கு வருவார். எட்டு மாதங்களுக்கு முன்புதான், 2017 செப்டம்பரில், பெண்கள் அணியிலிருந்த மரைனை ஆண்கள் அணிக்கு எடுத்து, காலியான இடத்தில் ஹரேந்திராவை அமர்த்தியிருந்தார்கள். அந்த முதல் மாற்றத்தை நாட்டுக்கு அறிவித்தவர் ஹாக்கி அமைப்பின் தலைவர் அல்லர்; மத்திய விளையாட்டு அமைச்சர் ராஜ்யவர்தன் ரத்தோர், தம் ட்விட்டர் பக்கத்தில். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இந்த நடைமுறை அந்நியமாகத் தோன்றாது. இதற்கு ‘மியூச்சுவல் டிரான்ஸ்பர்’ என்று பெயர்.

இந்திய ஹாக்கியில் பயிற்சியாளர்கள் அடிக்கடி மாறுவதற்கு இரண்டு விளக்கங்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. தோல்வியைப் பொறுக்காத அவசரம் ஒன்று. வெளிநாட்டவருக்கும் உள்நாட்டவருக்கும் இடையிலான இழுபறி மற்றொன்று. இரண்டும் போதா என்பதே இக்கட்டுரையின் வாதம். அமர்த்துபவர், சம்பளம் தருபவர், விளைவுக்குப் பொறுப்பேற்பவர் ஆகிய மூவரும் வெவ்வேறு இடங்களில் இருக்கிறார்கள். மூன்றாமவர் பெரும்பாலும் இருப்பதே இல்லை. அந்த இடைவெளியில் பயிற்சியாளர் வேலை ஒரு விளையாட்டுத் திட்டமாக வளராமல், நிரப்பவும் காலிசெய்யவும் உரிய பணியிடமாகச் சுருங்கிவிட்டது.

இந்த மனப்போக்கின் ஊற்றைத் தேட தில்லியின் கோல் மார்க்கெட் பகுதி பொருத்தமான இடம். புது தில்லி எழும்பிய 1920-களில் உருவான இந்த வட்டச் சந்தையைச் சுற்றிப் படர்ந்தவை அரசு ஊழியர் குடியிருப்புகள். தலைநகரின் அலுவலகங்களுக்கு வேலைக்கு வந்த தமிழர்களுக்கும் இது பழகிய பேட்டை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று அருகிலுள்ள மந்திர் மார்க்கில் இருக்கிறது. சந்தையிலிருந்து கன்னாட் பிளேஸ் பக்கம் நடந்தால் எட்டிவிடும் தொலைவில் சிவாஜி ஸ்டேடியம். 1964-இல் தொடங்கிய நேரு ஹாக்கிப் போட்டியின் பெயரோடு இணைந்த மைதானம் அது. அங்கே மோதியவை ஊர் அணிகளோ கிளப்புகளோ அல்ல. ரயில்வே, இந்தியன் ஏர்லைன்ஸ், பஞ்சாப் போலீஸ், வங்கிகள், எண்ணெய் நிறுவனங்கள் என்று அலுவலகங்களின் அணிகள். சென்னையின் முருகப்பா கோப்பையிலும் கோவில்பட்டியின் லட்சுமி அம்மாள் கோப்பையிலும் இதே நிலைதான்.

இந்த அலுவலக அணிகளைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஹாக்கி மட்டையை மட்டும் நம்பிச் சோறு கிடைக்காத நாட்டில், தன்ராஜ் பிள்ளை போன்றோருக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதிய உறுதியும் தந்து ஆட்டத்தைக் காப்பாற்றியவை அவை. ஆனால் அந்த ஏற்பாட்டில் அணிக்குப் பயிற்சியாளர் ஆனவரும் ஓர் ஊழியரே. மேலதிகாரி அனுப்புகிற இடத்துக்குப் போவார். எவரைச் சேர்ப்பது, எவரை நீக்குவது என்பதில் கடைசிச் சொல் அவருடையதன்று. தேசியச் சம்மேளனத்தின் தலைமையும் நெடுங்காலம் இந்த மரபுக்கு ஒத்தே அமைந்தது. காவல் துறை அதிகாரியான அஸ்வினி குமாரும், பின்னாளில் பஞ்சாப் காவல் துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற கே.பி.எஸ். கில்லும், ஹாக்கி இந்தியாவுக்கு முந்தைய அமைப்பான இந்திய ஹாக்கி சம்மேளனத்தை ஆண்டனர். கில் 1994 முதல் 2008 வரை பதவியில் இருந்தார்.

தோல்விதான் பயிற்சியாளர்களை வெளியேற்றுகிறது என்ற கருத்தை 1998-இன் நிகழ்ச்சியே தகர்த்துவிடுகிறது. அந்த டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்தியா 32 ஆண்டுகளுக்குப் பிறகு ஹாக்கித் தங்கம் வென்றது. அணித் தலைவர் தன்ராஜ் பிள்ளை, பயிற்சியாளர் எம்.கே. கௌசிக். திரும்பி வந்ததும் தன்ராஜ், கோல்காப்பாளர் ஆஷிஷ் பல்லால் உள்ளிட்ட ஆறு மூத்த வீரர்களும் கௌசிக்கும் அடுத்த தொடருக்கு இல்லை. ஓய்வு தரப்பட்டதாகச் சம்மேளனம் கூறியது. படித்தொகையை உயர்த்தக் கேட்டதே காரணம் என்று வீரர்கள் தரப்பு கூறியது. எந்தக் கூற்றை ஏற்றாலும், தங்கப் பதக்கம் அவர்களைக் காக்கவில்லை.

2014-இலும் அதே கதை. இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்று ரியோ ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி பெற்றுத் தந்த ஆஸ்திரேலியர் டெர்ரி வால்ஷ், சில வாரங்களில் விலகல் கடிதம் தந்தார். விளையாட்டு நிர்வாகம் முடிவெடுக்கும் முறையோடு தம்மால் ஒத்துப்போக முடியவில்லை என்பது அவர் சொன்ன காரணம். அவருக்குப் பின் வந்த நெதர்லாந்துக்காரர் பால் வான் ஆஸ் 2015 ஜூலைக்கு மேல் நீடிக்கவில்லை. ஆன்ட்வெர்ப்பில் மலேசியாவை வென்ற ஆட்டத்துக்குப் பின், மைதானத்துக்குள் வந்து வீரர்களைக் கடிந்துகொண்ட ஹாக்கி இந்தியா தலைவர் நரிந்தர் பத்ராவை வெளியேறச் சொன்னதே பூசலின் தொடக்கம் என்று அவர் கூறினார். ஷிலாரு பயிற்சி முகாமுக்கு அவர் வரவில்லை என்று அமைப்பு கூறியது. கவனிக்க வேண்டியது, சச்சரவு எழுந்தது வென்ற ஆட்டத்தின் முடிவில். மைதானத்தில் யாருடைய சொல் எடுபட வேண்டும் என்பதே அங்கே கேள்வியாக இருந்தது.

மாற்றங்கள் நிகழ்ந்த காலத்தையும் பார்க்க வேண்டும். ஒலிம்பிக்கோ உலகக் கோப்பையோ முடிந்து, அடுத்த சுற்றுக்குத் திட்டமிடும் இடைவேளையே தேசிய அணிகளின் ஓய்வுக்காலம். ஆளை மாற்றுவதானால் அப்போதுதான் மாற்ற வேண்டும். 2004-இல் ராஜிந்தர் சிங்கை நீக்கிவிட்டு ஜெர்மானியர் கெர்ஹார்ட் ராக்கைக் கொண்டுவந்தது ஜூலையில். ஏதென்ஸ் ஒலிம்பிக் ஆகஸ்டில். வான் ஆஸ் போனது ரியோவுக்கு ஓராண்டு இருக்கையில். ரோலண்ட் ஓல்ட்மன்ஸ் 2017 செப்டம்பரில் நீக்கப்பட்டபோது ஆசியக் கோப்பை அடுத்த மாதமே காத்திருந்தது. மரைன் - ஹரேந்திரா இடமாற்றம் நடந்தது காமன்வெல்த் போட்டிக்கும் சாம்பியன்ஸ் டிராபிக்கும் நடுவில். 2009 முதல் 2019 ஜனவரி வரை பிராசா, நாப்ஸ், வால்ஷ், வான் ஆஸ், ஓல்ட்மன்ஸ், மரைன், ஹரேந்திரா என்று ஆண்கள் அணிக்கு ஏழு தலைமைப் பயிற்சியாளர்கள், இடைக்காலப் பொறுப்பாளர்கள் நீங்கலாக. அதே காலத்தில் ஆஸ்திரேலியாவுக்கு மூவர்: சார்ல்ஸ்வொர்த், ரீட், பாட்ச்.

இவர்களுள் ரிக் சார்ல்ஸ்வொர்த்தின் கதையை நினைத்தால் எனக்கு இன்றும் வேதனை. ஆஸ்திரேலியப் பெண்கள் அணிக்கு 1996-லும் 2000-லும் ஒலிம்பிக் தங்கம் பெற்றுத் தந்த அவர், பன்னாட்டுச் சம்மேளனம் இந்திய ஹாக்கியைத் தூக்கி நிறுத்த வகுத்த திட்டத்தின் கீழ் 2007-இல் இந்தியா வந்தார். அதிகார வரம்பு தெளிவாகவில்லை. ஊதிய இழுபறி தீரவில்லை. இதற்கிடையே 2008 மார்ச்சில் சான்டியாகோவில் பிரிட்டனிடம் 2-0 என்று தோற்று, 80 ஆண்டுகளில் முதன்முறையாக இந்தியா ஒலிம்பிக் ஹாக்கிக்குத் தகுதி இழந்தது. பயிற்சியாளர் ஜோகிம் கார்வாலோ பதவி விலகினார். அடுத்த மாதம் தொலைக்காட்சியின் மறைமுகக் கேமரா கிளப்பிய ஊழல் குற்றச்சாட்டில், சம்மேளனச் செயலரான தமிழர் கே. ஜோதிகுமரன் விலக நேர்ந்தது. இந்திய ஒலிம்பிக் சங்கம் சம்மேளனத்தையே இடைநீக்கம் செய்தது. சார்ல்ஸ்வொர்த்தும் அந்த ஆண்டிலேயே வெளியேறினார். 2010 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் பயிற்சியாளராக அவர் தில்லிக்குத் திரும்பி வந்தார். மேஜர் தியான் சந்த் மைதானத்தில் ஜெர்மனியை 2-1 என்று வீழ்த்தி அவருடைய அணி உலகக் கோப்பையை வென்றது, இந்தியாவுக்கு எட்டாமிடம். அதே அக்டோபரில் அதே மைதானத்தில் காமன்வெல்த் இறுதியாட்டம்: ஆஸ்திரேலியா 8, இந்தியா 0. அந்த அறிவு இரண்டாண்டுகளுக்கு முன்பு நம் கையில் இருந்தது. அதை வைத்துக்கொள்ள நம்மிடம் ஓர் ஒழுங்கான அலுவலகம் இருக்கவில்லை.

அந்த அலுவலகம் எப்படி இருக்க வேண்டும்? வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கிக் கழகங்களில் பொது மேலாளர் என்றொருவர் உண்டு. பயிற்சியாளரைத் தேர்பவரும் நீக்குபவரும் அவர். அவர் அமர்த்தியவர்கள் தொடர்ந்து தவறினால் அடுத்துப் போவது அவருடைய வேலை. அந்த அச்சமே அவரை நிதானிக்க வைக்கிறது. நம் ஹாக்கி அமைப்பில் தலைவரும் செயலரும் மாநிலச் சங்கங்களின் வாக்கில் வருகிறவர்கள். அணியின் தரவரிசை அந்த வாக்கைத் தொடுவதில்லை. வெளிநாட்டுப் பயிற்சியாளரின் சம்பளம் அரசிடமிருந்து இந்திய விளையாட்டு ஆணையம் வழியாக வருகிறது. ஆணையமும் முடிவில் பங்கு கேட்கும். ஏழு பேரை மாற்றிய பத்தாண்டுகளில், தவறாகத் தேர்ந்தோம் என்று எவரும் நாற்காலியை விட்டு எழவில்லை.

இடைவெளியை நிரப்பும் முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2013-இல் ஓல்ட்மன்ஸை உயர்திறன் இயக்குநராக அமர்த்தியது சரியான அடி. பயிற்சியாளருக்கு மேலே, நிர்வாகிகளுக்குக் கீழே, நெடுங்காலத் திட்டத்தைக் கையில் வைத்திருக்கும் பதவி அது. ஆனால் வான் ஆஸ் போனதும் அவரையே தலைமைப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். மதிப்பிட வேண்டியவரே மதிப்பிடப்படுபவர் ஆனார். இரண்டாண்டுகளில் அவரும் நீக்கப்பட்டபோது, திட்டத்தின் நினைவும் அவரோடு வெளியேறியது. இந்த ஒரு முடிவைத்தான், மற்றெல்லாவற்றையும் விட, பெரும் பிழையாகக் கருதுகிறேன்.

2019 ஏப்ரலில் வந்த கிரகாம் ரீட் ஏறத்தாழ நான்காண்டுகள் நீடித்தார். 2021 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று, 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கமாக வெண்கலம் கிடைத்தது. நிலைப்பே வெற்றி தந்தது என்று உடனே முடிவுகட்டுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஒடிசா அரசு 2018-இல் புரவலராக வந்து பணக் கவலையைத் தீர்த்திருந்தது. கொரோனா ஒலிம்பிக்கை ஓராண்டு தள்ளிவைத்தது. வீரர்கள் பெங்களூரு முகாமிலேயே நாள்களைக் கழித்தார்கள். ஆட்டமே இல்லாத காலத்தில் பயிற்சியாளரை நீக்கச் சந்தர்ப்பமும் இல்லை. நிலைப்பில் ஒரு பங்கு கொள்கையால் அன்றி நோய்த்தொற்றால் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆயினும் அடுத்த மாற்றம் வேறு விதமாக நடந்தது. 2023 ஜனவரி உலகக் கோப்பையில் நியூசிலாந்திடம் ஷூட் அவுட்டில் தோற்ற பிறகு ரீட் விலகினார். பெரிய போட்டி முடிந்த, முறையான ஓய்வுக்காலம் அது. பின்வந்த தென்னாப்பிரிக்கர் கிரெய்க் ஃபுல்டன் அணியைக் கலைக்கவில்லை. பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற 16 பேரில் 11 பேர் டோக்கியோவில் ஆடியவர்கள். 2024-இல் மீண்டும் வெண்கலம். பயிற்சியாளர் மாறியும் அணி சிதறாத இந்த ஒரு கைமாற்றம், முந்தைய ஏழையும் அளக்கும் அளவுகோலாகிறது.

பெண்கள் அணிக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. ராஞ்சியில் பாரிஸ் தகுதி நழுவிய பிறகு, 2024 பிப்ரவரியில் தலைமைப் பயிற்சியாளர் யானெக் ஷாப்மன் விலகினார். ஆண்கள் அணியின் பயிற்சியாளர்களுக்குக் கிடைக்கும் மதிப்பு தமக்குக் கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகவே பேசியிருந்தார். சில நாள்களில் தலைமை நிர்வாக அலுவலர் எலெனா நார்மனும் அமைப்பு கோஷ்டிகளாகப் பிரிந்துகிடப்பதைச் சுட்டி விலகினார். இதற்கு இரண்டாண்டுகள் முன்பு, முன்னாள் ஹாக்கி வீரர் அஸ்லாம் ஷேர் கான் தொடுத்த வழக்கில், பத்ராவின் ஆயுள் உறுப்பினர் பதவி செல்லாது என்று தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்து மூவர் நிர்வாகக் குழுவை அமர்த்தியிருந்தது. 2022 செப்டம்பர் தேர்தலில் முன்னாள் அணித் தலைவர் திலீப் திர்க்கி அமைப்பின் தலைவரானார். தமிழ்நாட்டின் சேகர் மனோகரன் பொருளாளரானார். விளையாடியவர் தலைமைக்கு வந்தது நல்லதே. ஆனால் நீதிமன்றம் சீர்செய்தது நாற்காலிக்கு வரும் வழியை. நாற்காலிக்கும் மைதானத்துக்கும் இடையிலான உறவு அப்படியே இருக்கிறது. 2025-இல் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டமும் செயற்குழுவின் அளவு, வீரர்களுக்கும் பெண்களுக்கும் இடம், தகராறுத் தீர்ப்பாயம் ஆகியவற்றைப் பேசுகிறது. அவை தேவையானவை. தலைமைப் பயிற்சியாளரை எவர், எந்த அளவுகோலில் அமர்த்துவார் என்பதை வகுப்பது இன்னும் அமைப்புகளின் வேலையாகவே இருக்கிறது.

ஏழாண்டு இடைவெளிக்குப் பின் 2024 டிசம்பரில் மீண்ட ஹாக்கி இந்தியா லீக் ஒரு மாற்று முன்மாதிரியைக் காட்டியது. தில்லியின் எஸ்.ஜி. பைப்பர்ஸ், ஓய்வுபெற்ற கோல்காப்பாளர் ஸ்ரீஜேஷை ஹாக்கி இயக்குநராகவும் ரீட்டைப் பயிற்சியாளராகவும் அமர்த்தியது. கழகமும் இயக்குநரும் பயிற்சியாளரும் ஒரே கூரையின் கீழ். எனினும் ஏறத்தாழ ஒரு மாதமே நடக்கும் லீக்கிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கக் கூடாது. ஆண்டின் எஞ்சிய மாதங்களில் வீரர்கள் தேசிய முகாமுக்கோ தங்கள் துறை அலுவலகத்துக்கோ உரியவர்கள்.

2026 ஆகஸ்டில் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் உலகக் கோப்பை, செப்டம்பரில் ஜப்பானில் ஆசிய விளையாட்டு என்று அட்டவணை வகுக்கப்பட்டிருக்கிறது. ஆசியத் தங்கம் வெல்பவருக்கு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் நேரடி இடம். அது தவறினால், இரண்டாண்டுக்கும் குறைந்த காலம் கையிலிருக்க, ஆளை மாற்றச் சொல்லும் குரல்கள் தில்லியில் எழும். அதற்குள் உயர்திறன் இயக்குநர் பதவியைத் தனி ஒப்பந்தத்தோடு, அணிப் பொறுப்பு ஏற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு உறுதிப்படுத்த வேண்டும். பயிற்சியாளரை மாற்றப் பரிந்துரைக்கும் உரிமை அவருக்கு மட்டுமே இருக்க வேண்டும். அந்தப் பரிந்துரை பொய்த்தால் அவருடைய ஒப்பந்தமும் அதோடு முடியும் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.