சபரகமுவைத் தோட்டப்புறங்களில் மனையும் வழிபாட்டிடமும்

மக்கள் தாம் வாழும் மனையையும் வழிபடும் இடத்தையும் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கும் பொருட்டு மாத்திரம் அமைத்துக்கொள்வதில்லை. குடும்பத்தில் யார் எங்கே இருத்தல் வேண்டும், வந்தவரை எவ்விடத்தில் வரவேற்றல் வேண்டும், அடுப்பு எத்திசையில் எரிதல் வேண்டும், தெய்வம் எங்கே உறைதல் வேண்டும் என்னும் வினாக்களுக்கு ஒரு சமுதாயம் தன் பண்பாட்டாலும் சமயத்தாலும் கண்ட விடைகளே சுவராகவும் வாயிலாகவும் முற்றமாகவும் உருப்பெறுகின்றன. இவ்விரண்டோடு மூன்றாவது ஏது ஒன்றும் உண்டு. கட்டும் உரிமை யாருடையது என்பதே அது. இம்மூன்றும் ஒன்றோடொன்று இணங்கியும் பிணங்கியும் நின்ற வரலாற்றை ஒரு சிறு நிலப்பரப்பிலே காணவேண்டுமாயின், இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் தன்னகத்தே கொண்ட சபரகமுவை மாகாணம் அதற்குத் தக்கதோர் இடமாகும்.

1889ஆம் ஆண்டிலே தனி மாகாணமாக வகுக்கப்பெற்ற இப்பகுதி, கண்டி மலைநாட்டுக்கும் மேற்குத் தாழ்நிலத்துக்கும் இடைப்பட்டது. மழை மிகுதியானது. சிங்களக் கிராமங்களின் நடுவே தேயிலைத் தோட்டங்களும் இறப்பர்த் தோட்டங்களும் சிதறிக்கிடப்பது இந்நாட்டின் இயல்பு. நுவரெலியாப் பகுதியிற்போலத் தோட்டம் ஒரு தனியுலகமாக இங்கு நிலைபெறவில்லை. எனவே, சிங்களவர் மனையும் விகாரையும் தேவாலயமும், தோட்டத் தமிழர் லயமும் கோயிலும், கிறித்தவர் ஆலயமும் ஒன்றையொன்று நோக்கி நிற்பதை இங்கே எளிதிற் காணலாம்.

முதலிற் சிங்கள மனையை நோக்குதல் தகும். நடுவே வான் நோக்கிய முற்றமும், அதனைச் சூழ்ந்த நாற்புற அறைகளும், முன்புறத்தில் தாழ்ந்த கூரையின்கீழ் உயர்ந்த திண்ணையும் கொண்ட அமைப்பே பழைய வசதிபடைத்த குடும்பங்களின் மனையமைப்பாகும். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டுக்கும் இதற்குமுள்ள ஒப்புமை தற்செயலானதன்று. மயன் பெயரால் வழங்கும் மனைநூல் மரபு சிங்களத்திலும் தமிழிலும் ஒருங்கே பேணப்பட்டுள்ளமை, இரு சாராரும் மனைகோலும் திசையும் நாளும் பார்ப்பதில் ஒரே ஊற்றிலிருந்து நீர் முகந்தனர் என்பதைக் காட்டும். ஆயின், இத்தகைய மனையை எல்லாரும் எழுப்பிவிட இயலாதிருந்தது. 1660ஆம் ஆண்டிலே சிறைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகளுக்குமேல் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் வெளியிட்ட தம் நூலில், பொதுமக்கள் மேல்மாடி கட்டவோ, ஓடு வேயவோ, சுவருக்குச் சுண்ணாம்பு தீட்டவோ அனுமதிக்கப்படவில்லையெனக் குறித்துள்ளார். ஓடும் சுண்ணாம்பும் அக்காலத்தில் அந்தஸ்தின் அடையாளங்கள் என்பது இதனாற் புலனாகும். மண்சுவரும் வைக்கோற் கூரையும் வறுமையின் விளைவு மாத்திரமல்ல, ஆணையின் விளைவுமாகும்.

இதன் மறுபுறத்தை இரத்தினபுரி மாவட்டத்துக் கொலொன்னைப் பகுதியிலுள்ள மடுவன்வெல வளவு காட்டுகின்றது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சில அறைகளோடு எழுந்து, பின்வந்தோராற் பெருக்கப்பட்ட இம்மாளிகையில் ஒருகாலத்தில் 121 அறைகளும் 21 முற்றங்களும் இருந்தன என்பர். கண்டி மரபு முற்றமும் ஐரோப்பியர் வழிவந்த அணிகளும் அங்கே ஒருங்கு கலந்துள்ளன. வருவோர் எவராயினும் தலைகுனிந்தே உட்புகும்படி வாயில் தாழ அமைக்கப்பட்டதென அவ்வூரிற் கதை வழங்குகின்றது. கதை எத்தகையதாயினும், வாயிலின் உயரங்கூட அதிகாரத்தின் மொழியாகலாம் என்பதை மக்கள் உணர்ந்திருந்தனர் என்பதற்கு அது சான்று.

வழிபாட்டிடங்களிலும் இவ்வாறே பல மரபுகள் படிந்துள்ளன. கேகாலைப் பகுதியில் ஆங்காங்கே காணப்படும் தம்பிட்ட விகாரைகள், தாழ்ந்த கற்றூண்களின்மேல் மரத்தளம் பரப்பி அதன்மீது எழுப்பப்பட்ட சிறு படிமக் கோயில்களாகும். ஈரநிலத்தினின்றும் கறையானினின்றும் மண்சுவரையும் ஓவியத்தையும் காத்தற்கு இவ்வமைப்பு உதவிற்று. அதனோடு புத்தர் படிமம் மனிதர் நடமாடும் நிலத்துக்கு மேலே உறைதல் வேண்டுமென்னும் பத்தியுணர்வுக்கும் இயைந்தது. மாகாணத்தின் எல்லையை அடுத்துள்ள அவிசாவளையிலே, 16ஆம் நூற்றாண்டில் சீதாவாக்கையை ஆண்ட முதலாம் இராசசிங்கன் எழுப்பத் தொடங்கிய பெரெண்டி கோயிலின் கற்சிதைவுகள், திராவிடக் கட்டடக்கலை இம்மலையடிவாரம் வரை எட்டியிருந்தமையைக் காட்டுகின்றன. தோட்டத் தொழிலாளர் வருகைக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே சைவம் இந்நிலத்திற் கல்லில் எழுதப்பட்டுவிட்டது என்பது மறத்தற்கரியது.

இரத்தினபுரியின் மகா சமன் தேவாலயம் இன்னுமொரு வரலாற்றைச் சொல்லும். சிவனொளிபாதமலையின் காவற் கடவுளாகிய சமனுக்குரிய இத்தேவாலயத்தை 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் அழித்து, அவ்விடத்திற் கிறித்தவ ஆலயம் எழுப்பினர். பின்னர் கண்டி அரசின் கை ஓங்கியபோது தேவாலயம் மீண்டும் எழுந்தது. போர்த்துக்கேய வீரனொருவன் சிங்கள வீரனொருவனை மிதித்து நிற்கும் சிற்பக் கல்லொன்று இன்றும் அத்தேவாலயச் சுவரில் உள்ளது. தோற்றவர் மீண்டபோது, தம்மை இழிவுபடுத்திய கல்லையும் உடைத்தெறியாது வைத்திருந்தமை வியக்கத்தக்கது.

பிரித்தானியர் ஆட்சியிற் கிறித்தவம் வேறு வழியில் வந்தது. 1850களின் நடுப்பகுதியிலே தோட்டத் துரைமாரின் உதவியோடு தொடங்கப்பெற்ற தமிழ்க் கூலி மிசன் என்னும் அங்கிலிக்கன் அமைப்பு மலைநாட்டுத் தோட்டங்களிற் பள்ளியும் வழிபாடும் நடத்திற்று. கத்தோலிக்கர் மத்தியில், 1893இல் நிறுவப்பெற்ற காலி மறைமாவட்டத்தின்கீழ்ப் பெல்சிய நாட்டு இயேசு சபைக் குருமார் சபரகமுவையிலும் தொண்டாற்றினர். 1995இல் இரத்தினபுரி தனி மறைமாவட்டமாயிற்று.

ஆலய அமைப்பிலே சமயத்தின் உட்கருத்து எவ்வாறு வெளிப்படுகின்றது என்பதற்குக் கோயிலையும் தேவாலயத்தையும் ஒப்பிடுதல் பயன் தரும். சைவக் கோயிலின் உயிர்நிலை கருவறை. அது சிறிது, இருண்டது, ஒரு வாயிலுடையது. அடியார் ஒருவர்பின் ஒருவராக வந்து தரிசித்து, வலம்வந்து நீங்குவர். கிறித்தவ ஆலயமோ சபை கூடுதற்கெனவே எழுந்தது. உரோமரின் பொதுமன்ற மண்டபத்தை முன்மாதிரியாகக் கொண்டமையின், நீண்ட கூடமும் அதன் முடிவிலே பலிபீடமும் அதற்கு இன்றியமையாதனவாயின. சிவாலயம் பெரும்பாலும் கிழக்கு நோக்கியிருத்தலின் வழிபடுவோர் மேற்கு நோக்குவர். மேலைத்தேயப் பழைய மரபிற் பலிபீடம் கீழ்த்திசையில் அமைதலின் சபையோர் கிழக்கு நோக்குவர். ஞாயிறு எழும் திசை இருவர்க்கும் புனிதமே. ஆயின் ஒருவர்க்குத் தெய்வம் அத்திசையை நோக்குகின்றது, மற்றவர்க்கு மனிதன் நோக்குகின்றான்.

தோட்டங்களில் எழுந்த சிற்றாலயங்கள் பெரும்பாலும் எளியன. கூர்முனைச் சாளரமும் சிலுவையுமே அவற்றை அடையாளங்காட்டின. எனினும் தமிழ்க் கத்தோலிக்கர் அவற்றைத் தம் வழக்கத்துக்கு இசைவித்துக்கொண்டனர். திருவிழாவுக்குக் கொடியேற்றமும், திருச்சொரூபத்தைக் கூட்டில் ஏற்றி லயந்தோறும் பவனியாகக் கொண்டுசெல்லுதலும், ஆலயத்துக்கு வெளியே கெபி அமைத்து மெழுகுதிரி ஏற்றுதலும் ஆலயத்தைச் சுற்றிய வெளியையும் ஆலயத்தின் பகுதியாக்கின. தேர் உலாவும் வீதி சைவக் கோயிலுக்கு எத்தகையதோ அத்தகையதே இதுவும். அறிந்தே செய்யப்பட்ட இசைவுக்குக் கண்டித் திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயம் சிறந்த எடுத்துக்காட்டு. கண்டி அரசரின் மகுல் மடுவ என்னும் அரச மண்டபத்தைத் தழுவிக் கஸ்டர் பாதிரியார் வகுத்த இவ்வாலயத்துக்கு 1923இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1935இல் அது வழிபாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்றது. செதுக்கிய கற்றூண்கள் தாங்க, பக்கச் சுவரின்றித் திறந்து நிற்கும் அம்மண்டபம், 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் கத்தோலிக்கர் நாட்டு மரபை ஆலயத்துட் கொணர முற்படுவதற்கு நெடுநாள் முன்னரே எழுந்தது என்பது நினைக்கத்தக்கது.

இனித் தொழிலாளர் மனையை நோக்குமிடத்து, மேற்கூறிய நெறிகள் யாவும் தடுமாறுகின்றன. கோப்பி 1869 முதல் இலைநோயால் அழியத் தேயிலையும், பின்னர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பரும் பரவின. களனிப் பள்ளத்தாக்குப் புகைவண்டிப் பாதை 1912இல் இரத்தினபுரியை எட்டிற்று. தென்னிந்திய ஊர்களிலிருந்து வந்தவர்க்குத் தோட்டம் கொடுத்த உறையுள் லயம். ஒரே கூரையின்கீழ் வரிசையாகப் பல காம்பராக்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. இரட்டை லயமாயின் முதுகோடு முதுகு ஒட்டியிருத்தலின் பின்வாயிலும் காற்றோட்டமும் இல்லை. முற்றமில்லை, திண்ணையில்லை, சமையலுக்குத் தனியிடமில்லை, திசை பார்த்தலுமில்லை. மலைச்சரிவு எப்பக்கம் சாய்ந்ததோ அப்பக்கமே வாயில். மகப்பேறும் பூப்பும் இறப்பும் ஒரே அறையில் நிகழவேண்டியிருந்தன. துரையின் பங்களா குன்றின்மேலும், லயம் அதன் கண்பார்வைக்குள் தாழ்விலும் அமைந்தமை, தோட்டம் முழுவதையும் ஒரு மேற்பார்வைக் களமாக்கிற்று.

இத்தகைய உறையுளிலும் பண்பாடு மடிந்துவிடவில்லை. இஸ்தோப்பை மறைத்து அடுப்பு வைத்தனர். காம்பராவின் ஒரு மூலையிற் சாமிப்படமும் விளக்கும் இடம்பெற்றன. வாசலுக்குச் சாணம் மெழுகிக் கோலமிட்டனர். மனையில் இடம்பெறாத சமயவாழ்வு வெளியே பெருகிற்று. மரத்தடியில் நட்ட கல்லும் சூலமும் காலப்போக்கில் தகரக் கொட்டகையாகி, பின் விமானமுடைய மாரியம்மன் கோயிலாயின. தேயிலைத் தோட்டங்களில் ஆலைச் சக்கரத்துக்கு ரோதை முனியும், செடி வெட்டும் வேலைக்குக் கவ்வாத்துச் சாமியும் எழுந்தமை, தொழிற்களத்தையே மக்கள் தெய்வத்தின் உறைவிடமாக்கியதைக் காட்டும். மாசியிற் காமன் கம்பம் நடும் பொட்டல், லய மக்களனைவர்க்கும் பொதுமுற்றமாயிற்று. வீட்டுக்கு மறுக்கப்பட்ட முற்றத்தைக் கூத்து மீட்டுத் தந்தது எனலாம்.

பண்பாடு தந்தவை யாவும் நன்மையே எனக் கொள்ளுதலும் பொருந்தாது. கங்காணிமார் தம் கூட்டத்தாரைச் சாதி வழியே வெவ்வேறு லயங்களிற் குடியிருத்தினர். ஊரிலிருந்த சேரியும் தெருவும் தோட்டத்திலும் மறைமுகமாக மீண்டன. கோயிலின் முதன்மையும் அவ்வாறே பங்கிடப்பட்டது. மரபு, மனையைத் தாங்குவதுபோல் வேலியாகவும் நிற்கவல்லது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோரின் குறை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே பெரிதும் நீங்கிற்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகியும், 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் மீண்டும் கையளிக்கப்பட்டும், லயத்து நிலம் அதில் வாழ்வோர்க்கு உரித்தாகவில்லை. 2016ஆம் ஆண்டு மே மாதத்திற் கேகாலை மாவட்டத்து அரநாயக்கையிலும் புலத்கொகுப்பிட்டியிலும் மலை சரிந்து மக்களைக் கொண்டபோது, மனைக்கு இடந்தேர்தல் உயிர்ப்பிரச்சினை என்பது வெளிப்படையாயிற்று. பழைய மனைநூல்கள் தொடக்க அதிகாரங்களில் நிலத்தேர்வைக் கூறியதன் காரணமும் இதுவே போலும்.

அண்மை ஆண்டுகளில் தனி நிலத்தில் தனி வீடு என்னும் திட்டம் தோட்டங்களில் நடைபெற்று வருகின்றது. அது வரவேற்கத்தக்கது. ஆயினும், ஒரே வரைபடத்தை எல்லா மலைக்கும் எல்லாக் குடும்பத்துக்கும் பொருத்துவதாயின், அது தனித்தனியே பிரித்துவைத்த லயமாகவே முடியும். வாயில் எத்திசை, அடுப்பு எங்கே, விளக்குக்கு எம்மூலை, முற்றத்துக்கு எவ்வளவு என்பனவற்றை அதில் வாழப்போகும் குடும்பத்தாரைக் கேட்டு வரைதல் பெருஞ்செலவு தருவதன்று. நிலவுறுதி அவர் பெயரில் எழுதப்படுவதோடு இதுவும் நிகழுமாயின், நூற்றைம்பது ஆண்டுகளாக மரத்தடியிலும் பொட்டலிலும் பேணப்பட்ட பண்பாடு மனைக்குள் மீளவும் குடிபுகும்.