சேர்க்கைப் பதிவேட்டில் நம் பெயர்

1900 நவம்பர் 7 அன்று, சதாரா அரசு ஆங்கிலப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் 1914ஆம் எண்ணுக்கு நேரே பீவா ராம்ஜி அம்பேத்கர் என்று எழுதப்பட்டது. அந்த நாளை மகாராட்டிர அரசு 2017இல் மாணவர் தினமாக அறிவித்தது. ஆனால் அந்தச் சிறுவனுக்கு வகுப்பில் கிடைத்தது ஒரு மூலை. உட்காரச் சாக்குத் துணியும் தனியே. பதிவேட்டில் பெயர் ஏறியது. வகுப்பில் பிள்ளை விலக்கப்பட்டது. பதிவேட்டின் வரலாற்றை நாம் இங்கிருந்தே வாசிக்க வேண்டும்.

தமிழகத்திலும் இதே கதைதான். கோவையில் படித்த இரட்டைமலை சீனிவாசன், சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் பள்ளி மணி அடிக்கும்வரை வெளியே நின்றதைத் தன் வரலாற்றில் பதிந்திருக்கிறார். 1894இல் ஆல்காட் அடையாறில் தொடங்கிய பள்ளி, ‘பஞ்சமர்’ என்ற சொல்லைத் தாங்கியே நடந்தது. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என எழுத வைக்க, 1922இல் எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. பதிவேட்டில் எந்தச் சொல் ஏறுகிறது என்பதும் நம் போராட்டமாகவே இருந்திருக்கிறது.

அதே சாதிக் கட்டம் பின்னாளில் நம் உரிமைக்கும் சான்றானது. 1944இல் தொடங்கிய உயர்கல்வி உதவித்தொகை, 2009இன் அருந்ததியர் உள்ஒதுக்கீடு ஆகியவற்றைக் கோரும் பிள்ளைக்கு அந்தக் கட்டம் சரியாக நிரம்பியிருக்க வேண்டும். சாதி, மதம் குறிப்பிடாமல் விடவும் 1973 அரசாணை பெற்றோருக்கு இடமளிக்கிறது. விரும்பி வெறுமையாக விடுவது உரிமை. கேட்காமலே தவறாக நிரப்பப்படுவது இழப்பு.

இன்று பதிவேடு கணினிக்குள் போய்விட்டது. தமிழகப் பள்ளிகளில் அதன் பெயர் எமிஸ். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண். பள்ளி மாறும்போது பழைய பள்ளி பெயரை விடுவித்தால் அது பொதுத் தொகுப்புக்கு வரும். புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். செங்கல் சூளைக்குப் போய்த் திரும்பும் குடும்பத்தின் பிள்ளைக்கு இந்த விடுவிப்பு தாமதமானால் என்ன ஆகும்? அன்று பெயர் உள்ளே, பிள்ளை மூலையில். இன்று பிள்ளை வகுப்பில், பெயர் வேறு பள்ளியில்.

மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும், வயதுச் சான்று இல்லாவிட்டாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். ஆதார் இல்லையென்று பள்ளிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என 2018இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது. திரையில் ஒரு கட்டம் நிரம்பவில்லை என்பது சட்டத்துக்கு மேலானதல்ல.

யார் பார்க்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. 2023 நாங்குநேரித் தாக்குதலுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, வகுப்பு வருகைப் பதிவேட்டில் சாதி விவரமே இருக்கக் கூடாது என 2024இல் பரிந்துரைத்தது. காகிதத்தில் ஒரு பத்தியை மறைப்பது கடினம். மென்பொருளிலோ ஒரு விவரத்தை யாருக்குக் காட்டுவது என்று முன்கூட்டியே வரையறுக்க முடியும். முடிந்தும் செய்யாவிட்டால் அது தொழில்நுட்பக் குறை அல்ல, சாதியின் வேலை.

ஆகவே நாம் கேட்பது மூன்று: முதலில் சேர்க்கை, பிறகு விவரம், பதிந்ததைப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டுதல், சாதி விவரம் உதவித்தொகைப் பணி பார்ப்பவருக்கு மட்டும். மாணவத் தோழர்களே, ஜூன் மாதத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாயுடன் அந்தத் திரைக்கு முன் நின்று, அவர் பிள்ளையின் பெயர் சரியாக ஏறுகிறதா என்று பாருங்கள். நினைவேந்தலுக்கு அதுவே பொருள்.