உப்பு, சர்க்கரை, தண்ணீர்: ஒரு பழைய கணக்கு

போன ஞாயிற்றுக்கிழமை காலை, செம்பூரில் எங்கள் எதிர்வீட்டுத் தம்பி கதவைத் தட்டினார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு விடிந்ததிலிருந்து ஆறேழு தடவை பேதி. கையில் பாதி காலியான ஆன்டிபயாடிக் சிரப். "அண்ணே, மூத்தவனுக்கு வாங்கினது மிச்சம் கிடக்கு. இதையே குடுத்துரட்டுமா?"

"முதல்ல அதைக் கீழே வைங்க தம்பி" என்றேன். சொல்ல எனக்குத் தகுதி உண்டு. அதே தப்பை நானும் செய்தவன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2010 மழைக்காலம். தாராவியில் தொண்ணூறு அடி ரோடு பக்கம் வாடகை வீடு. என் மகளுக்கு அப்போது இரண்டு வயது, இதே பேதி. டாக்டர் சீட்டு இல்லாமலே ஒரு ஆன்டிபயாடிக் வாங்கி இரண்டு நாள் கொடுத்துவிட்டு நிறுத்தினேன். "தண்ணி குடுத்தா இன்னும் போகும்" என்று ஊரிலிருந்து போனில் சொன்னதால் தண்ணீரையும் குறைத்தோம். மூன்றாம் நாள் கண் உள்ளே போய்விட்டது, அழுதால் கண்ணீர் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "குடிக்க என்ன குடுத்தீங்க?" என்னிடம் பதில் இல்லை. நல்லவேளை, பிள்ளை பிழைத்தாள்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இரண்டு சரித்திரங்கள் இருப்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

முதலாவது, தண்ணீரின் கதை. 1971 வங்காளதேசப் போரில் லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள். எல்லையோரம் பங்காவ் முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்த டாக்டர் திலீப் மஹாலனாபிஸ், குளுக்கோஸும் உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணீரைக் கொடுத்து, நோயாளிகளின் வீட்டார் கையாலேயே குடிக்க வைத்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. விஷயம் எளிது. பேதியிலும் குடல், குளுக்கோஸோடு சேர்ந்து வரும் உப்பை உறிஞ்சிக்கொள்ளும், தண்ணீரும் கூடவே உள்ளே போகும். அதுதான் இன்றைய ஓ.ஆர்.எஸ். அவர் 2022-ல் காலமானார். பத்ம விபூஷண் வந்தது 2023-ல்!

இரண்டாவது, மருந்தின் கதை. 1897-ல் ஜப்பானில் பரவிய சீதபேதியில் கியோஷி ஷிகா ஒரு கிருமியைக் கண்டுபிடித்தார். அவர் பேரிலேயே அது ஷிகெல்லா. உலகப் போருக்குப் பிறகு அங்கே முதலில் சல்ஃபா மருந்து தோற்றது. அடுத்து ஒரே நேரத்தில் பல மருந்துக்கும் மசியாத ஷிகெல்லா வந்தது. மருந்தை எதிர்க்கும் சக்தியை ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கைமாற்றும் என்று 1959-ல் ஜப்பானியர்கள் கண்டார்கள். குடலில் சாதுவாக இருக்கும் கிருமிகூட அதைக் கொடுக்குமாம்!

இது நம் ஊருக்கும் வந்தது. 1984-ல் மேற்கு வங்கத்தில் பெரிய ரத்தபேதி. ஆம்பிசிலின், கோ-டிரைமாக்சசோல் எல்லாம் பலிக்கவில்லை. நாலிடிக்சிக் ஆசிட் கைகொடுத்தது. சில வருஷத்தில் அதுவும் போச்சு. அடுத்த நம்பிக்கை சிப்ரோஃப்ளாக்சசின். 2002-ல் சிலிகுரிப் பக்கம் அதற்கும் அடங்காத ஷிகெல்லா.

பேங்க்காரன் பாஷையில் சொன்னால், ஆன்டிபயாடிக் நமக்கெல்லாம் பொதுவான வைப்புத்தொகை. குழந்தைகளின் பேதியில் பெரும்பகுதி ரோட்டா மாதிரி வைரஸால் வருவது. அதை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. அங்கே செலவழித்துவிட்டால், நிஜமாகவே ரத்தபேதி வரும் குழந்தைக்கு எடுக்கப் போகும்போது பாஸ்புக்கில் பூஜ்யம்தான் இருக்கும்.

எதிர்வீட்டில் ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ்ஸை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். தாய்ப்பாலை நிறுத்தவில்லை. டாக்டர் 14 நாளைக்கு ஜிங்க் எழுதினார், ஆன்டிபயாடிக் எழுதவில்லை. சாயங்காலம் குழந்தை ஒண்ணுக்குப் போனதும் அந்தத் தங்கச்சி சிரித்தாள் பாருங்கள்!

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வெறும் பி.காம். மலத்தில் ரத்தம், கண் உள்ளே போவது, விடாத வாந்தி, சோர்ந்து சுருண்டு கிடப்பது, இதில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. அங்கே ஆன்டிபயாடிக் கொடுத்தால் சொன்ன நாள் வரைக்கும் கொடுத்து முடியுங்கள். மிச்சத்தை எதிர்வீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.