பச்சைச் சூரியன்

சூரியன் என்ன நிறம் என்று ஒரு குழந்தையைக் கேளுங்கள். மஞ்சள் என்று சொல்லும். உதயத்தில் சிவப்பு என்று கெட்டிக்காரக் குழந்தை சேர்த்துச் சொல்லும். பச்சை என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. ஆனால் 1883ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 9ஆம் தேதியை ஒட்டிய சில நாட்களில் சென்னையைச் சுற்றியிருந்த குழந்தைகளிடம் கேட்டிருந்தால், பச்சை என்றுதான் பதில் வந்திருக்கும். அந்த நாட்களில் சூரியன் பச்சையாகவே உதித்தது, பச்சையாகவே அஸ்தமித்தது.

கட்டுக்கதை அல்ல. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் பல ஊர்களில் பார்த்தார்கள். தொடுவானத்தின் அருகில் பச்சை. மேலே ஏற ஏற நீலம். உச்சியை நெருங்கும்போது வழக்கமான வெண்மை. கண் கூசாமல் நேரே பார்க்கும்படி அதன் ஒளியும் மங்கியிருந்தது. சாயங்காலத்தில் இதே வேடிக்கை தலைகீழாக நடந்தது.

அந்த நாளைய மீஞ்சூரைக் கொஞ்சம் மனத்தில் வரைந்து பாருங்கள். ரயில் இன்னும் வரவில்லை. வடகாஞ்சி என்று பெயர் பெற்ற ஊர். ஏகாம்பரேசுவரர் ஒரு பக்கம், வரதராஜப் பெருமாள் ஒரு பக்கம். கிழக்கே அத்திப்பட்டு, வல்லூர் உப்பளங்கள். அப்பால் பக்கிங்ஹாம் கால்வாய். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விறகு ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் போகும் படகுகள். அதற்கும் அப்பால் மணல்மேடு, கடல். 1876 முதல் 1878 வரை ராஜதானியைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தைக் கடந்து உயிர் தப்பிய ஜனங்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்கள் ஒரு நாள் விடியற்காலையில் உப்பளத்தில் இறங்கி, கிழக்கே திரும்பிப் பார்க்கிறார்கள்; இளம் வாழையிலை நிறத்தில் சூரியன் எழுந்து வருகிறது. அவர்கள் நெஞ்சு என்ன பாடு பட்டிருக்கும்!

காரணம் 3,500 கிலோமீட்டருக்கு அப்பால், ஜாவாவுக்கும் சுமத்திராவுக்கும் நடுவே சுந்தா ஜலசந்தியில் கிடந்தது. கிரக்கடோவா என்ற சின்னத் தீவு. அந்தப் பக்கத்துக் கடல் நமக்கு அந்நியமானதல்ல. மீஞ்சூருக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613லேயே கோட்டை கட்டிக்கொண்ட டச்சுக்காரர்கள், நம் நெசவாளர்களின் துணியை ஜாவாவுக்கு ஏற்றி அனுப்பித்தான் அங்கே மிளகும் கிராம்பும் வாங்கினார்கள்.

இருநூறு ஆண்டுகள் தூங்கிக் கிடந்த அந்தத் தீவு 1883 மே மாதம் 20ஆம் தேதி விழித்துக்கொண்டது. புகையும் நெருப்பும் எழும்பின. பயந்தார்களா? அதுதான் இல்லை! பத்தேவியா நகரத்துக் கனவான்கள் அதை ஓர் உல்லாசப் பிரயாணமாக்கினார்கள். கட்டணம் 25 கில்டர். ‘கவர்னர் ஜெனரல் லௌடன்’ என்ற நீராவிக் கப்பலில் 86 பேர் ஏறிக்கொண்டு, இரவெல்லாம் பிரயாணம் செய்து, மே 27, ஞாயிற்றுக்கிழமை காலையில் தீவின் முன்னே போய் நின்றார்கள். அன்றைய உதயத்தை எரிமலையின் புகைக் கம்பத்தோடு சேர்த்துப் பார்த்தார்கள். சிலர் கரையில் இறங்கி, காலைப் புதைக்கும் சாம்பலில் தள்ளாடித் தள்ளாடி, எரிமலை வாயின் விளிம்பு வரையில் ஏறினார்கள். ஷூர்மன் என்ற சுரங்க எஞ்சினீயர் நுரைக்கற்களைப் பொறுக்கிக்கொண்டார். ஒருவர் புகைப்படம் எடுத்தார். உள்ளே குமுறிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் கப்பலேறி வீடு திரும்பினார்கள்.

சரியாக மூன்று மாதம். ஆகஸ்டு 26ஆம் தேதி பிற்பகலில் மலை கர்ஜிக்க ஆரம்பித்தது. 27ஆம் தேதி காலை பத்து மணிக்கு வெடித்தது. அந்த வெடிச் சத்தம் 4,800 கிலோமீட்டருக்கு அப்பால் ரோட்ரிகஸ் தீவில் பீரங்கிச் சத்தம்போல் கேட்டது. தீவில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது. முப்பது மீட்டருக்கு மேல் எழும்பிய அலைகள் ஜாவா, சுமத்திரா கரைகளை வழித்துக்கொண்டு போயின. அரசாங்கக் கணக்கில் இறந்தவர்கள் 36,417 பேர். அவர்களில் பெரும்பாலோர் எரிமலையைப் பார்க்கக் கட்டணம் கட்டியவர்கள் அல்லர். கரையோரத்தில் குடிசை போட்டுப் பிழைத்த ஏழைகள். அதே லௌடன் கப்பல் அன்று லம்போங் விரிகுடாவில் அகப்பட்டுக்கொண்டது. காப்டன் லிண்டமன் அலைக்கு நேர் முகமாகக் கப்பலைத் திருப்பித் தப்பினார். பக்கத்தில் நின்ற ‘பெரௌ’ என்ற போர்ப் படகையோ அலை தூக்கிக்கொண்டு போய்க் காட்டுக்குள்ளே எறிந்தது.

செய்தி மூன்று வழிகளில் சென்னைக்கு வந்தது. முதலில் வந்தது கடல். அன்று பிற்பகலிலேயே, கடல்மட்டத்தைக் குறிக்கும் கருவிகளின் பேனா, சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் காகிதத்தின்மேல் தாறுமாறாகக் கோடு இழுத்தது. ஊரை அழிக்கும் அலை அல்ல. ஆயினும் அலை அலைதான். அடுத்தது தந்தி. 1870களின் தொடக்கத்திலேயே சென்னைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கடலடிக் கம்பி போட்டாயிற்று. மூன்றாவதாக, நிதானமாக வந்ததுதான் ஆகாயம்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். கிரக்கடோவா நமக்குத் தென்கிழக்கே இருக்கிறது. ஆனால் நம் சூரியனைப் பச்சையாக்கிய தூசி நேர் வழியில் வரவில்லை. மேல் ஆகாயத்துக் காற்று அதை மேற்கே தள்ளிக்கொண்டு போயிற்று. இந்து மகா சமுத்திரம், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக், தென் அமெரிக்காவின் வடகரை என்று கடந்து, செப்டம்பர் 5ஆம் தேதி பசிபிக்கில் ஹொனலூலுவை எட்டியது. பூமியை ஒரு பிரதட்சிணம் முடித்துக்கொண்டு 9ஆம் தேதி நம் தலைக்குமேல் வந்தது. பதின்மூன்று நாளில் 40,000 கிலோமீட்டர்! மாதத்தின் பிற்பகுதியில், அடுத்த சுற்றில், பச்சை நிறம் மறுபடியும் லேசாகத் தலை காட்டியது.

அந்த நாட்களில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, இன்றைய உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. அங்கே பௌதிகம் போதித்த மிச்சி ஸ்மித் என்ற ஆசிரியர், நிறமாலைக் கருவியைச் சூரியன் பக்கம் திருப்பிக் கண்டதை எழுதி வைத்தார். ஒளியில் நீராவியின் அடையாளங்கள் மிகுதியாக இருந்ததையும் கவனித்தார். பிற்பாடு கோடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையத்தின் முதல் தலைவரானவர் இவர்தான். லண்டன் ராயல் சங்கம் ஒரு குழு அமைத்து, உலகெங்குமிருந்து இத்தகைய குறிப்புகளைச் சேகரித்து, 1888ல் பெரிய நூலாக வெளியிட்டது. எந்த ஊரில் எந்தத் தேதியில் சூரியன் நிறம் மாறியது என்பதை வரிசையாக அடுக்கியபோதுதான் தூசியின் பாதை தெரிந்தது. மேல் ஆகாயத்தில் இப்படி ஒரு காற்று ஓடுகிறது என்பதே அப்போது உலகத்துக்குப் புதுச் செய்தி.

நிறம் ஏன் மாறியது? சாதாரணமாகக் காற்று நீல ஒளியைச் சிதறடித்துவிடுகிறது. ஆகவே உதயச் சூரியன் சிவப்பு. ஆனால் ஒளி அலையின் நீளத்தைவிடச் சற்றே பெரிய துகள்கள், ஏறக்குறைய ஒரே அளவில் வானில் நிறைந்துவிட்டால், சிதறிப் போவது சிவப்பு. தப்பி வருவது பச்சையும் நீலமும். சல்லடை போட்டுச் சலித்ததுபோல் ஒரே அளவுத் துகள்கள் அமைவது மிக அபூர்வம். அதனால்தான் பச்சைச் சூரியனும் அபூர்வம்.

மீஞ்சூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் சிலரிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். உப்பளத்தில் வேலை செய்து ஓய்ந்த ஒரு முதியவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, “எங்க தாத்தா தாது வருசப் பஞ்சத்தைப் பத்திச் சொல்லுவாருங்க. சூரியன் பச்சையா வந்துச்சுன்னு சொன்னதில்லை. வயித்துப்பாடுதானே ஞாபகம் நிக்கும்?” என்றார். அதற்கு மேல் நான் என்ன கேட்பது? ஆசிரியர் எழுதி வைத்தார்; நூலில் ஏறியது. படகோட்டியும் உப்பு வாரியவரும் பார்த்தார்கள், அவர்களோடு போயிற்று. நம் சரித்திரத்தில் பாதி இப்படித்தான் போயிருக்கிறது.

இப்போது மீஞ்சூரிலிருந்து காட்டுப்பள்ளி சாலையில் விடியலில் போனால், வல்லூர், அத்திப்பட்டு அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகளுக்கு நடுவேதான் சூரியன் எழுகிறது. அங்கே எரியும் நிலக்கரியில் ஒரு பகுதி இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வந்து எண்ணூரில் இறங்கியிருக்கிறது. அன்று அந்தத் தீவுகள் சாம்பலை அனுப்பின. இன்று கரியை அனுப்புகின்றன. சாம்பலை நாமே செய்துகொள்கிறோம். காற்றுக்கு அன்றும் எல்லை தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

கடலும் அப்படித்தான். சுமத்திராப் பக்கம் கடல் குமுறினால் நம் கரையும் அசையும் என்று 1883ல் ஒரு பேனா காகிதத்தில் எழுதிக் காட்டியது. அந்தக் காகிதம் அறிக்கைகளில் பத்திரமாக இருந்தது. ஆனால் 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலையில் நம் கரையோரத்துக் குப்பங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. அலை வந்துசேர இரண்டு மணிக்கும் மேலான அவகாசம் இருந்தது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் மாண்டார்கள். ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் 2007ல்தான் வந்தது.

அழிந்த தீவு இருந்த இடத்தில் 1927ல் ஒரு குட்டி எரிமலை கடலுக்கு மேலே தலை தூக்கியது. கிரக்கடோவாவின் குழந்தை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மறுபடியும் ஜனங்கள் உதயம் பார்க்கப் படகேறினார்கள். சாம்பல் சரிவில் ஏறிப் படம் பிடித்துக்கொண்டார்கள். 2018 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அதன் ஒரு பக்கம் கடலில் சரிந்து எழுப்பிய அலையில் 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

எரிமலை உச்சியில் நின்று உதயம் பார்க்க ஆசைப்படுவது தவறில்லை. அழகைத் தேடிப் போவது மனித சுபாவம். ஆனால் வானத்தில் என்றைக்காவது காணாத நிறம் ஒன்று தோன்றினால், வியப்பதோடு நிறுத்திவிடாமல், இது எந்த ஊரின் மண், எவருடைய வீடு என்று ஒரு கணம் கேட்டுப் பார்க்கலாம். செப்டம்பர் 9ஆம் தேதி மீஞ்சூரில் உதித்த அந்தப் பச்சைச் சூரியனின் வெளிச்சம், வெடித்த ஒரு தீவிலிருந்து எழும்பிய தூசியின் வழியாகச் சலித்து வந்த வெளிச்சம்.